பொந்தன்புளி இலை கொட்டிருச்சா? வாளிய முதல்ல கீழ வைங்க

பள்ளத்தூர்ல பூர்வீக வீடு, சென்னையில வேலைன்னு இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, மூணு வருஷம் முன்னாடி நர்சரியில பவோபாப்னு ஒரு கன்னு வாங்கி பின்கட்டுல சிமெண்ட் தொட்டியில வச்சோம். ஆப்பிரிக்கா மரம், வறட்சிய தாங்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இப்ப என் உயரம் இருக்கு. தை மாசம் பூரா இலையும் கொட்டிருச்சு, பங்குனி பொறந்தும் ஒரு துளிர் இல்ல. தண்ணி பத்தலையோன்னு வீட்டைப் பாத்துக்கிற அண்ணன் தினமும் காலையில ஒரு வாளி ஊத்துறாரு, அப்பத்தா சாயங்காலம் ஒரு சொம்பு சேத்து ஊத்துறாங்க. மரம் செத்துருச்சா? பொழச்சா தரையில எங்க வைக்கிறது, காய் எப்ப வரும்?"

தம்பி, இதப் படிச்ச கையோட ஊருக்கு ஒரு போன் போட்டு அந்த வாளியையும் சொம்பையும் நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்த அப்புறம் நிதானமா படிச்சுக்கலாம்.

இலை கொட்டுறது பவோபாப்புக்கு, நம்ம ஆளுங்க சொல்ற பொந்தன்புளிக்கு, வியாதி இல்ல, சுபாவம். ஆப்பிரிக்காவுல மழை முடிஞ்சு பூமி காஞ்சதும் மாசக்கணக்குல மொட்டையாத்தான் நிக்கும், அதனாலதான் தலைகீழா நட்ட மரம்னு அங்க கதையே இருக்கு. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்சப்புறம் கொட்ட ஆரம்பிக்கும், சித்திரை வைகாசி வாக்குலதான் துளிர் விடும். பங்குனியில மொட்டையா இருக்கிறதப் பாத்து யாரும் பதற வேண்டியதில்ல.

பதற வேண்டியது அந்த வாளிக்குத்தான். இலை இருந்தாத்தான் வேர் குடிக்கிற தண்ணி மேல ஏறி ஆவியா வெளிய போகும், இலையே இல்லாதப்ப ஊத்துற தண்ணிய குடிக்க ஆளில்ல, அது தொட்டியிலயே தங்கி மண்ணுக்குள்ள காத்து போக வழியில்லாம வேர் மூச்சு முட்டி அழுகும். இந்த மரத்துக்கு வெளியில இருந்து தண்ணி அவ்வளவா தேவையும் இல்ல, கட்டையே பஞ்சு மாதிரிதான், பச்சையா வெட்டி எடை போட்டா முக்கால்வாசி தண்ணியாத்தான் இருக்கும். மழை வர்றதுக்கு முன்னாடியே வெயில்ல புது இலை விடுதுல்ல, அதுக்கு இந்த சேமிப்பத்தான் எடுத்து செலவழிக்குது.

இப்ப உயிரோட இருக்கான்னு பாக்கணும். தண்டோட அடியில மண்ண ஒரு நாலு விரல் ஆழம் தள்ளிட்டு பெருவிரலால நல்லா அழுத்திப் பாக்கச் சொல்லுங்க. முத்துன முள்ளங்கி மாதிரி கெட்டியா இருந்தா மரம் நல்லா இருக்கு, ஒண்ணும் செய்ய வேணாம். பழுத்த பப்பாளி மாதிரி விரல் உள்ள போச்சு, ஒரு புளிச்ச நாத்தம் அடிக்குதுன்னா அழுகல் ஆரம்பிச்சிருச்சு. நெறைய பேரு கிளையில நகத்தால கீறிப் பாத்துட்டு, சாம்பத்தோலுக்கு அடியில பளிச்சுனு பச்சை தெரியுதே, தப்பிச்சோம்னு விட்டுருவாங்க. நானும் அப்படித்தான் ஒரு கன்ன விட்டேன், அஞ்சு வருஷ மரம், மேல பச்சை இருக்குன்னு நம்பி தண்ணிய விடாம ஊத்திட்டே இருந்தேன், ஒரு நாள் தொட்டிய நகத்தலாம்னு தண்டப் புடிச்சா அது மட்டும் தனியா கையோட வந்துருச்சு, கீழ வேர்னு ஒண்ணுமே இல்ல, கூழா இருந்துச்சு. கட்டையில தண்ணி இருக்கிறதால அடி செத்து ரொம்ப நாளைக்கு அப்புறமும் மேல பச்சை காட்டும். அதனால கிளைய நம்பாதீங்க, அடிய அழுத்துங்க.

அழுகியிருந்தா தொட்டியில இருந்து அலுங்காம எடுத்து, மண்ண உதறி, அழுகுன பாகத்த சுத்தமான கத்தியால வெட்டிருங்க, வெட்டுன எடத்துல உள்ள வெள்ளையா தெரியுற வரைக்கும் வெட்டணும், பழுப்பு கொஞ்சம் தங்குனாலும் திரும்ப ஏறும். வெட்டுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு பவுடர் தடவுங்க, ஒரமும் மருந்தும் விக்கிற எந்தக் கடையிலயும் கெடைக்கும். அப்புறம் நெழல்ல, காத்தோட்டமான எடத்துல ரெண்டு வாரம் சும்மா சாத்தி வைங்க, ஆமா, மண்ணே இல்லாம. இலை இல்லாத பருவத்துல தாங்கும். காயம் காஞ்சு தோல் கட்டுனதும் முக்கால் பங்கு ஆத்து மணல், கால் பங்கு செம்மண் போட்டு நட்டு, துளிர் வந்தப்புறம்தான் முதல் தண்ணி.

எங்க வைக்கிறதுன்னு கேட்டீங்க. பின்கட்டுல வேணவே வேணாம். செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், முற்றத்தத் தவிர மண்ணு எங்க இருக்கு? இலங்கையில மன்னார் பள்ளிமுனையில நிக்கிற பொந்தன்புளி மரத்தோட சுத்தளவு 19 மீட்டருக்கு மேல, அது உங்க முகப்பு அகலம் வரும். வேர் ஆழமா போறதில்ல, பெரும்பாலும் ரெண்டு மீட்டருக்குள்ளயே நின்னுட்டு பக்கவாட்டுல கிளைய தாண்டி ரொம்ப தூரம் ஓடும். ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரைய தூக்கி விட்டுருச்சுன்னா அப்புறம் அந்த மாதிரி கல்லுக்கும் கொத்தனாருக்கும் அலையணும். வீடு, கெணறு, தண்ணித்தொட்டி எதுல இருந்தும் குறைஞ்சது 50 அடி தள்ளி, நல்லா வெயில் படுற எடம், தோப்போ கண்மாய் மேட்டுப்பக்க புஞ்சையோ இருந்தா அங்க வைங்க. எடமே இல்லன்னா தொட்டியிலயே போன்சாய் மாதிரி வச்சு ரசிங்க, அழகாத்தான் இருக்கும், காய மட்டும் மறந்துருங்க.

குழி விஷயத்துலதான் நம்ம ஊர்ல தப்பு நடக்குது. மேல ஒரு முழம் செம்மண், அதுக்குக் கீழ செம்புராங்கல்லு. மூணுக்கு மூணு குழி வெட்டி, தென்னைக்கு போடுற மாதிரி கண்மாய் வண்டலும் சாணி எருவும் கொட்டி நட்டா, சுத்தி பாறை, நடுவுல களி, அது குழி இல்ல, குண்டான். கார்த்திகையில நாலு நாள் அடைமழை பெஞ்சா உள்ள தண்ணி தளும்பும். அதனால குழி வெட்டுனதும் தண்ணிய நெறய ஊத்தி ஒரு நாள் விட்டுப் பாருங்க, மறுநாள் அதே நேரத்துக்கு வடிஞ்சிருக்கணும். வடியலன்னா கடப்பாரையால அடிக்கல்ல இன்னும் ஒடச்சு விடுங்க, இல்ல எடத்த மாத்துங்க. வண்டல் வேணாம், எடுத்த மண்ணோட சரளையும் மணலும் கலந்து, ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு போட்டு (கரையானுக்குத்தான்), தரை மட்டத்துக்கு மேல ஒரு அடி மேடு கட்டி அந்த மேட்டு மேல நடுங்க. ஆடி மாசம் நல்ல சமயம், வெதுவெதுப்பும் இருக்கும், பெருமழைக்கு முன்னாடி வேர் புடிக்க ரெண்டு மூணு மாசமும் கெடைக்கும்.

தண்ணி, முதல் ரெண்டு வருஷம் இலை இருக்கிற மாசத்துல மட்டும், மழையில்லாத வாரம் ஒரு குடம் ரெண்டு குடம் போதும். இலை மஞ்சளாகி கொட்ட ஆரம்பிச்சா நிறுத்திருங்க. மூணாவது வருஷத்துல இருந்து வானம் பாத்துக்கும்.

ஆடு மாடு கட்டாயம் வரும், ஏன்னா இலை அதுகளுக்கு பிரியம் (மேற்கு ஆப்பிரிக்காவுல மனுஷங்களே அத கீரையா கடையுறாங்க, காய வச்சு பொடியாக்கி கொழம்புலயும் போடுறாங்க). சுத்தி சீமைக்கருவேல முள்ள வெட்டிப் போட்டு அடைச்சிருங்க, அந்த முள்ளுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா. வெண்டை, பருத்தி, செம்பருத்தி குடும்பந்தான் இதுவும், அதனால மாவுப்பூச்சி வந்து ஒட்டும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து அடிச்சா போதும்.

இப்ப காய். இலவம் மரத்துக்கு இது பங்காளி, இலைய விரிச்சா அதே மாதிரி அஞ்சு ஏழு விரல் இருக்கும். அதுக்காக இலவு காத்த கிளின்னு நெனச்சுராதீங்க, காய்க்குள்ள பஞ்சுக்குப் பதிலா வெள்ளையா மாவு மாதிரி புளிப்பான சதை இருக்கும், ஆனா காத்திருப்பு மட்டும் கிளியோடதுதான். விதையில வந்த மரம் காய்க்க 8, 10 வருஷம் ஆகும், சில எடத்துல 20 தாண்டியும் போகுது. ஒட்டு கட்டுன மரம் அஞ்சு வருஷத்துக்குள்ளயே பூக்க வாய்ப்பு இருக்கு, காய்க்கிற மரத்துல இருந்து குச்சி கெடைச்சா மாமரத்துக்கு ஒட்டு கட்டுறவரு இதுக்கும் கட்டிருவாரு, துளிர் விடப்போற நேரம் பாத்து செய்யச் சொல்லுங்க.

நர்சரியில சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, ஒத்த மரம் தன் மகரந்தத்துல சரியா காய் புடிக்காது. ரெண்டு வைக்கணும், ரெண்டும் வேற வேற தாய்மரத்து விதையில வந்ததா இருக்கணும். பூவு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையா, தலைகீழா தொங்கும், பொழுது சாஞ்சதும் விரியும், மறுநாளே வாடிரும், வாசனைன்னு சொல்ல முடியாது, கொஞ்சம் ஊசிப்போன நாத்தம். வீட்டுப் பொம்பளைங்க முகம் சுளிப்பாங்க, ஆனா அது பழந்தின்னி வௌவாலக் கூப்பிடுறதுக்கு, ராத்திரி அதுகதான் மகரந்தம் சேக்கும். அதனால தோப்புல வௌவால் அடைஞ்சா வெடி போட்டு வெரட்டாதீங்க. நம்ம மாவட்டத்துலயே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரங்க பறவைங்களுக்காக தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, நமக்கு அது பெரிய விஷயமா?

பூத்து ஒரு அஞ்சாறு மாசத்துல காய் முத்தும். சொரக்காய் குடுவை மாதிரி ஓடு, மேல வெல்வெட்டு மாதிரி ரோமம், நீளக் காம்புல தொங்கும். அருவாளோட முதுகால ஒரு தட்டு தட்டுனா வெடிக்கும், உள்ள சதை ஏற்கனவே காஞ்சு பொடியாத்தான் இருக்கும், அப்படியே தண்ணியில கரைச்சு விதைய வடிகட்டி, வெல்லமும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் போட்டா பானகம்தான். நம்ம ஆளுங்க பொந்தன்புளி, பப்பரப்புளின்னு பேரு வச்சது சும்மா இல்ல. விதைய தூக்கிப் போட்டுறாதீங்க, கொதிச்ச தண்ணிய அது மேல ஊத்தி ஒரு நாள் ஊற வச்சு விதைச்சா முளைக்கும், இல்லன்னா ஓடு கெட்டி, வருஷக்கணக்குல அப்படியே கெடக்கும்.

ஒண்ணு சொல்லணும், அப்பத்தாகிட்ட படிச்சுக் காட்டுங்க, சொம்ப நிறுத்தச் சொன்னதுக்கு கோவிச்சுக்கிட்டு இருப்பாங்க. சூடான்ல கோர்டோஃபான் பக்கம் அந்தக் காலத்துல வயசான மரத்தோட வயித்தக் குடைஞ்சு, மழைக்காலத்துல ஓடி வர்ற தண்ணிய அதுக்குள்ள மொண்டு ஊத்தி ரொப்பி வச்சுக்குவாங்க, கோடையில குடிக்கிற தண்ணிய அதுல இருந்துதான் எடுத்தாங்க, நமக்கு ஊருணி மாதிரி. அந்த ஊர்ல மரம் மனுஷனுக்கு தண்ணி குடுத்துச்சு, அவங்க மரத்துக்கு ஊத்தல. வைகாசியில துளிர் வந்ததும் வாரத்துக்கு ஒரு தடவை அப்பத்தாவே ஊத்தட்டும்.