ஒயின்மென்டே ஒத்துக்கொள்ளாவிட்டால்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (அட்டன் வாசகி): அம்மா கொழுந்து பறிப்பவர். நரம்பு சுருண்டு காலில் ஆறாத புண். ஒயின்மென்ட் பூசப் பூசப் புண்ணைச் சுற்றி அரிப்பும் நீர்க்கசிவும் கூடுகிறது. லனோலின் ஒவ்வாமையாக இருக்கலாம், ‘பேட்ச் டெஸ்ட்’ செய்யுங்கள் என்கிறார் டொக்டர். அதில் என்ன செய்வார்கள்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

பதில்: டொக்டரின் சந்தேகம் நியாயமானது. லனோலின் என்பது செம்மறியாட்டு ரோமத்தில் படிந்திருக்கும் மெழுகு. நல்ல தோலில் பூசினால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. நாட்பட்ட கால் புண்காரர்களுக்குத்தான் அடிக்கடி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. தோல் உரிந்த இடத்தில் மாதக்கணக்காகப் பூசி மூடிக் கட்டுகிறோம் அல்லவா, அதனால்தான்.

டெஸ்டில் ஊசி கிடையாது. சுமார் 8 மில்லிமீற்றர் அகலமான சின்னக் கிண்ணங்கள் பிளாஸ்டரில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வஸ்லினில் கலந்து, 20 மில்லிகிராம் அளவில் வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். லனோலினுக்கு வழக்கமாக வைப்பது, லனோலினிலிருந்தே பிரித்தெடுக்கும் கம்பளி அல்கஹோல், 30 வீதம். அது ஒன்றை மட்டும் நம்பினால் சிலருடைய ஒவ்வாமை பிடிபடாமலே போகும். கூடவே அமர்ச்சோல் எல்-101 என்ற லனோலின் கலவையையும், அம்மா பூசிய ஒயின்மென்டையும் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆகவே பாதி தீர்ந்த டியூப் உட்பட, காலில் பட்ட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குற்றவாளி லனோலினாக இல்லாமல், நியோமைசின் போன்ற மருந்தாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை, அதாவது 48 மணித்தியாலம் கழித்துக் கழற்றுவார்கள். பிளாஸ்டர் அழுத்திய தடம் அடங்க 15 முதல் 30 நிமிடம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். பஸ் செலவை நினைத்துப் பலரும் விட்டுவிடுவது இந்த வெள்ளிக்கிழமையைத்தான். ஆனால் மூன்றில் முக்கியமானதே அதுதான். வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு அதற்குள் மங்கிவிடும். ஒவ்வாமையால் வந்தது தடித்து நிற்கும். சிலருக்கு ஏழாம் நாளில்தான் தெரியவரும். மூன்று முறை போய்வர வழியே இல்லையென்றால், புதன்கிழமை வீட்டில் கழற்றலாமா, இடங்களை எப்படி மையால் குறித்துக்கொள்வது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். இடையில் போயா தினம் விழுகிறதா என்று கலண்டரையும் பாருங்கள்!

வேலை விஷயம்: கொழுந்துக் கூடை உரசுவது சரியாக அந்த இடத்தில்தான். கிண்ணம் நகர்ந்தால் டெஸ்ட் வீண். திங்கள் முதல் வெள்ளி வரை கூடை தூக்க வேண்டாம். தோட்டத்தில் காட்ட ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு மழையிலோ வியர்வையிலோ நனையக் கூடாது. குளிப்பதற்குப் பதிலாக மற்ற இடங்களைத் துடைத்துக்கொள்ளலாம். ஒட்டும் நாளில் முதுகில் எண்ணெய், தைலம் இருந்தால் பிளாஸ்டர் பிடிக்காது.

அரிப்புக்குப் போடும் அலர்ஜி மாத்திரை இந்த டெஸ்டைக் கெடுக்காது. ஸ்டீரொயிட்தான் கெடுக்கும். முதுகில் ஸ்டீரொயிட் கிரீம் பூசுவதை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. உடம்பெங்கும் கரப்பான் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் முதுகு எல்லாவற்றுக்கும் சிவக்கும், அதை நம்ப முடியாது.

நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் தடவித் தடிப்பும் சிறு பருக்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே வழி. தடிப்பு இருந்தால் ஒரு கூட்டல் குறி, பருவும் நீர்ப்பொட்டும் எழுந்தால் இரண்டு, கொப்புளம் ஒன்றோடொன்று சேர்ந்தால் மூன்று. லனோலினில் ‘சந்தேகம்’ என்ற முடிவும் அடிக்கடி வரும். கறுத்த தடம் சில வாரம் இருந்து மறையும்.

கேள்வி (நுவரெலியா): கம்பளிச் சுவெட்டர் போட்டால் கழுத்து அரிக்கிறது. எனக்கும் லனோலின் ஒவ்வாமையா?

பதில்: அநேகமாக இல்லை. நூலாக்கும் முன் ரோமத்தைக் கழுவும்போதே மெழுகில் பெரும்பகுதி போய்விடும். தடித்த இழைகள் குத்துவதே அரிப்புக்குக் காரணம். உள்ளே பருத்திச் சட்டை போட்டுப் பாருங்கள்.

கேள்வி (பண்டாரவளை): கிரீமைப் பிளாஸ்டர் போட்டு முதுகில் ஒட்டி நாமே பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மூடி ஒட்டினால் சாதாரணக் கிரீம்கூடப் புண்ணாக்கும். பூசி அப்படியே விடும் கிரீம் என்றால் வேறு வழி உண்டு. முழங்கையின் உள்மடிப்புக்குப் பக்கத்தில் 5 சென்ரிமீற்றர் சதுரத்தில், மூடாமல், காலையும் மாலையும் பூசுங்கள். தடிப்போ பருவோ எழுந்தால் அன்றே நிறுத்துங்கள். இரண்டு வாரம் ஒன்றும் இல்லையென்றால் அநேகமாகப் பயமில்லை. சவர்க்காரம், ஷாம்பு, டெட்டோல் போன்றவற்றை இப்படிச் சோதிக்கவே கூடாது.

கேள்வி (ஹாலி-எல): டெஸ்டில் லனோலினுக்கு இரண்டு கூட்டல் குறி. ஆனால் லனோலின் உள்ள உதட்டுக் கிரீம் ஒன்றும் செய்யவில்லையே?

பதில்: லனோலினின் குணமே அப்படி. புண்ணிலும் கரப்பானிலும் சீறும், நல்ல தோலில் சும்மா கிடக்கும். உதட்டில் வெடிப்பு இல்லாதவரை தொல்லை வராமல் இருக்கலாம்; ஆனாலும் நாமென்றால் வேறு கிரீமுக்கு மாறுவோம். லேபிளில் லனோலின் என்ற சொல் மட்டுமல்ல, வூல் ஃபெட், வூல் அல்கஹோல், அடெப்ஸ் லானே என்ற பெயர்களையும் தேடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியது ‘சிம்பிள் ஒயின்மென்ட்’: பிரித்தானிய மருந்து நூல் முறைப்படி அதில் 5 வீதம் கம்பளி மெழுகு உண்டு. வெறும் வெள்ளை வஸ்லினிலும் எமல்சிஃபையிங் ஒயின்மென்டிலும் லனோலின் இல்லை. பாமசியில் “அதே மருந்து, வேற கம்பனி” என்று மாற்றித் தந்தால் லேபிளை மறுபடி வாசியுங்கள். மருந்து ஒன்றாக இருந்தாலும், அதைக் குழைக்கும் களிம்பு கம்பனிக்குக் கம்பனி மாறும்.