அந்தப் பிரபுவோடு ஏன் இத்தனை வீம்பு?

கேள்வி: விக்டோரியா காலத்துக் காதல் நாவல் என்றால் எனக்கு உயிர். ஆனால் நாயகி பாதிப் புத்தகம் வரை அந்தப் பிரபுவை முறைத்துக்கொண்டே இருக்கிறாள். மனசுக்குள் ஆசையை வைத்துக்கொண்டு ஏன் இந்த வீம்பு, அக்கா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வீம்பா? சொத்து விவகாரம், தங்கச்சி! அப்போது இங்கிலாந்தில் கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் கைக்காசும் சம்பாத்தியமும் புருஷனுக்குப் போய்விடும். 1870 சட்டம் சம்பாத்தியத்தையாவது அவளிடம் விட்டது. சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882 சட்டம் வரவேண்டியிருந்தது. பெரிய இடத்து அப்பாக்கள் வக்கீலைப் பிடித்து, மகளுக்கென்று தனிப் பத்திரம் எழுதித் தப்பித்தார்கள். விவாகரத்திலும் ஓரவஞ்சனைதான். 1857 சட்டப்படி, மனைவி தவறினாள் என்று காட்டினாலே புருஷனுக்குப் போதும். அவளோ புருஷன் தவறினான் என்பதோடு கொடுமை, கைவிட்டது என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்த நிலையில் எவள் சட்டென்று தலையை நீட்டுவாள்? கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள், அவள் கோபம் புரியும்.

விருந்து மண்டபத்தில் சுவரோரம் துணைக்கு வந்த பெரியம்மா கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள். நாயகியின் கையில் சின்ன அட்டை, அதில் எந்த ஆட்டத்துக்கு யார் ஜோடி என்று பென்சிலால் ஆட்டத்துக்கு ஒரு பெயர். வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடும் சில நிமிடம்தான் பிறர் காதில் விழாமல் பேச முடியும். திட்டுவதற்கும் அதுதான் நேரம்!

ஒரே கடிதத்தில் தீரக்கூடிய தப்பெண்ணத்தை இழுப்பதுதான் எனக்குப் பொறுக்காது. லண்டனில் அப்போதே தபால் ஒரு நாளில் பலமுறை வந்ததே! அப்படிப்பட்ட புத்தகத்தை மூடிவிட்டு மாமாக் கடைக்கு மீ கோரெங் சாப்பிடக் கிளம்பிவிடுவேன்.