பாரிஸ் தெருமுனை உணவகம்: உள்ளே போகும் முன் வாசல் பலகையைப் படியுங்கள்

கேள்வி: மகளைப் பார்க்க ஜூன் மாதம் பாரிஸ் போகிறோம். அவள் வீட்டைச் சுற்றிச் சின்ன உணவகங்களும் ஒயின் பார்களும் இருக்கின்றனவாம். அவள் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போய் உட்காரத் தயக்கமாக இருக்கிறது. மொழி தெரியாது, பில் எகிறிவிடுமோ என்ற பயம் வேறு. மனைவி சுத்த சைவம். எனக்கு ஒயினைச் சுவைத்துப் பார்க்க ஆசை. டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பிரான்சில் 1987ஆம் ஆண்டு அரசாணைப்படி உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலுக்கு வெளியே மாட்டியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் காலை 11.30 மணிக்குள்ளும் இரவுச் சாப்பாட்டுக்கு மாலை 6 மணிக்குள்ளும் அது வெளியே இருக்க வேண்டும். வரி, சேவைக் கட்டணம் இரண்டும் அந்த விலையிலேயே அடக்கம். பலகையில் 19 யூரோ என்றால் பில்லிலும் 19 யூரோதான். எனவே தெருவில் நின்று நிதானமாகப் படியுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பலகையே இல்லாமல், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் இடத்தை நான் தவிர்த்துவிடுவேன்.

டிப்ஸ் கட்டாயமில்லை. சாப்பாடு பிடித்திருந்தால் ஓரிரு யூரோ நாணயங்களை மேசையில் வையுங்கள், போதும். கார்டு இயந்திரத்தின் திரை 'பத்து சதவீதமா, பதினைந்தா' என்று கேட்டால் கூச்சப்படாமல் வேண்டாம் என்பதை அழுத்துங்கள்.

மதியத்தில் போவது லாபம். 'ஃபோர்முல்' என்று எழுதியிருந்தால் முதல் தட்டும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும் சேர்ந்த கூட்டு விலை. சாதாரணப் பேட்டைகளில் இது பெரும்பாலும் 16 முதல் 25 யூரோவுக்குள் அடங்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம், சாப்பாட்டோடு வரும் ரொட்டியும் அப்படியே. வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடும்.

இனி ஒயின். முதல் முறை குடிப்பவர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. கிளாஸ் பெரும்பாலும் 120 முதல் 150 மில்லி. அளவும் விலையோடு எழுதியிருக்கும். இருவர் குடிப்பதென்றால் 250 மில்லி கூஜா மலிவு. துவர்ப்பு மிகுந்த போர்தோவில் தொடங்கினால் 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றக்கூடும். லேசான சிவப்பு ஒயினான பொழோலே என் பரிந்துரை. அதைச் சற்றுக் குளிர்ச்சியாகவே தருவார்கள். வெள்ளை வேண்டுமென்றால் லுவார் ஆற்றுப் பக்கத்து மியுஸ்கதே. பாட்டிலே வாங்கினால், பணியாளர் உங்கள் கிளாசில் ஒரு வாய் ஊற்றிவிட்டு நிற்பார். ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அது. பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தாராளமாகத் திருப்பலாம்.

ஒயின் பாரில் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது வேறிடத்தில். ஒரு கிளாஸ் மட்டும் கேட்டால், 'கூடச் சாப்பிட ஏதாவது சொல்லுங்கள்' என்பார்கள். வியாபாரத் தந்திரம் என்று முகம் சுளிக்க வேண்டாம். பல சிறிய கடைகளிடம் இருப்பது உணவக உரிமம் மட்டுமே. அதன்படி, சாப்பாட்டுக்குத் துணையாகத்தான் மது பரிமாறலாம். முழு பார் உரிமம் வைத்திருக்கும் கடையில் இந்தப் பேச்சே வராது. சீஸ் தட்டு ஒன்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

உங்கள் மனைவியின் சாப்பாட்டுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. அசைவம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வெங்காய சூப் என்பார்கள்; பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. பச்சைக் கீரை சாலடில் 'லார்தோன்' என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். இனிப்புகள் சிலவற்றில் ஜெலட்டின். பாரம்பரியச் சீஸ்கள் பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது. அதுவும் கூடாது என்றால் சீஸ் தட்டை மறந்துவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் சிலர் மீனைக் கொண்டுவருவார்கள். மகளிடம் பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், எலும்புச் சாறு, ஜெலட்டின் எதுவும் வேண்டாம், முட்டை சாப்பிடுவாரா மாட்டாரா என்பதும் அதில் இருக்கட்டும். உட்காரும் முன்பே அந்தச் சீட்டைக் காட்டுங்கள். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் இலங்கைத் தமிழர்கள் ஏராளமானோர் வேலை செய்கிறார்கள். உள்ளே தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஆந்த்ரகோத், பாவெத், ஓங்லே என்ற பெயர்களில் மாடு என்ற சொல்லே வராது, மூன்றும் மாட்டுக்கறித் துண்டுகள்தான். தார்தார் பெரும்பாலும் பச்சை மாட்டுக்கறி.

நேரத்தில் நம் ஊர் வழக்கம் செல்லாது. மதியம் 12 முதல் 2, இரவு ஏழரைக்கு மேல். இடையில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிறும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. நீங்களாகக் கேட்கும்வரை பில் வராது. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், உங்களைக் கிளப்பிவிடக் கூடாது என்பதால்தான். 'லதிசியோன், சில்வுப்ளே' என்றால் கொண்டுவருவார்கள்.

மூன்று மணிக்குப் பசித்தால் 1896இல் தொடங்கிய 'பூயோன் ஷார்த்தியே' என்ற உணவகம் இருக்கிறது. நாள் முழுக்க அடுப்பு எரியும், முன்பதிவு கிடையாது, விலையும் குறைவு. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். பில்லை மேசை விரிப்புக் காகிதத்திலேயே கூட்டிப்போடுவார்கள். உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் சைவத்துக்குத் தேர்வு குறைவு. மனைவிக்கு அன்று முன்கூட்டியே ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.