அன்பையும் தாழ்மையையும் தினசரி வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி?

ஆராதனையில் இருக்கும்போது எல்லோரையும் நேசிக்க முடிகிறது, வீட்டுக்கு வந்ததும் முடியவில்லை. தாழ்ந்து போனால் தலையில் ஏறி உட்காருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரதான ஆசாரியனுடைய விசாரணையில் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. நான் பேசியதில் தப்பிருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவும் இல்லை, அடித்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை. உங்களை அவமதிக்கிறவரிடம் “என்னிடம் இப்படிப் பேசாதீர்கள்” என்று நிதானமாகச் சொல்வதால் தாழ்மைக்கு ஒரு குறையும் வராது. அடி உதை நடக்கிற வீட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வசனத்தைக் காட்டி “பொறுத்துப் போ” என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, அன்புக்கு வருவோம். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். யோவான் 13இல் மூன்றாம் வசனத்தில் மட்டும் கொஞ்சம் நின்று வாசியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்துக்கே போகிறோம் என்று அறிந்தவராகத்தான் அவர் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டுகிறார். தாம் யார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸ் எழுந்து போவது முப்பதாம் வசனத்தில்தான். அவன் காலும் அந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது. நாமோ நம் மதிப்பை அடுத்தவர் வாயில் கொடுத்து வைத்திருக்கிறோம். அதனால்தான் ஒரு தட்டை எடுத்து வைப்பதுகூட கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது. காலையில் “ஆண்டவரே, நான் உம்முடைய பிள்ளை” என்று சொல்லிவிட்டு நாளைத் தொடங்குவதை நான் விடாமல் செய்வது இதற்காகத்தான்.

அப்புறம், மனம் உருகும்வரை காத்திருக்காதீர்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் சமையலறை வேலையை வாரமுறையாகவே வைத்துவிட்டார். நோய் போன்ற தக்க காரணம் இல்லாமல் யாரும் தப்ப முடியாது. முறை முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைக்க வேண்டும்; அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லோருடைய காலையும் கழுவ வேண்டும். நீங்களும் வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையை, கழிப்பறை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்களேன், உங்கள் முறையாக்கிக்கொள்ளுங்கள். செய்துவிட்டுச் சொல்லிக்காட்டாமல் இருப்பதுதான் அதில் கடினமான பாதி.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. அன்று சீஷன் பேதுரு அடுத்தவர் காலைக் கழுவ மறுக்கவில்லை, இயேசுவின் கையால் தன் கால் கழுவப்பட மறுத்தான். என் அப்பா சபை மூப்பர். வியாதிக்காரர்களைத் தேடிப் போய் ஜெபிக்கிறவர். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்தபின், சவரம் செய்ய நான் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நுரை காயும்வரை காத்திருந்து, துடைத்துவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. வெகுநாள் கழித்து ஒரு காலையில் அவராகவே தாடையைத் தூக்கிக் காட்டினார். கத்தி தொண்டைக்குக் கீழே இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவர் அதுவரை செய்த எந்த ஊழியத்தையும்விட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கொடுக்கிறவருக்குக் கை மேலே இருக்கும். வாங்கும்போதுதான் நாம் யாரென்று தெரியும்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். வீட்டில் யாரை நேசிப்பது மிகக் கஷ்டமாக இருக்கிறதோ, அவருக்கு நல்லது செய்யப் போகும் முன் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். யூதர்கள் ஒட்டி உறவாடாத சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச ஆரம்பித்தது “தாகத்துக்குத் தா” என்றுதான்; ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்லச் சொல்லலாம், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைக் கற்றுத் தரச் சொல்லலாம். பொய்யாகக் கேட்காதீர்கள், உங்களுக்கு உண்மையிலேயே தேவையானதைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்துக்கொண்டு செய்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.