பட்டறைப் பக்கம்: ஆங்கிள் கிரைண்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கே: 4 இஞ்ச் வீலுக்கான மெஷினில் கார்டை, அதாவது வீலை மூடும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு 5 இஞ்ச் கட்டிங் வீல் போட்டு ஓட்டுகிறோம். வீலில் 12,200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று அச்சிட்டிருக்கிறது, மெஷினின் வேகம் 11,000தான். அப்புறம் என்ன ஆபத்து?
– வாசகர், பெருந்துறை

ப: வேகக் கணக்கு சரி. ஓட்டையைக் கவனித்தீர்களா? 4 இஞ்ச் வீலுக்கு நடு ஓட்டை 16 மி.மீ., 5 இஞ்சுக்கு 22.23 மி.மீ. அந்த ஆறு மில்லிமீட்டரை வாஷரோ கம்பியோ வைத்துச் சரிக்கட்டினால் வீல் மையத்தில் உட்காராது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே மெஷின் உதறும். உதறலில் வீல் விரிசல் விடும். 11,000 சுற்றில் 5 இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. உடைந்து பறக்கும் துண்டுக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். அதைக் கழற்றி மூலையில் போட்டாயிற்று. போதாததற்கு, சின்ன மோட்டாரில் பெரிய வீலைப் போட்டு அழுத்தினால் மோட்டாருக்குள் சுற்றும் சுருளான ஆர்மேச்சரும் சீக்கிரம் கருகும்.

7 இஞ்ச் வீல் வேகக் கணக்கிலேயே தேறாது. அதன் மேல் 8,500 அளவில்தான் போட்டிருக்கும். 4 இஞ்ச் மெஷினில் அதை மாட்டுவது வெடியைக் கையில் பிடிப்பது மாதிரி.

பெரிய வீல் போடுவதற்கு வெட்டும் ஆழம் போதவில்லை என்பதுதான் காரணமென்றால், குழாயைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அறுங்கள். 2 இஞ்ச் ஸ்கொயர் டியூப் வரை 4 இஞ்ச் வீலிலேயே முடியும். 105, 107 மி.மீ. என்று 16 மி.மீ. ஓட்டையோடு கடையில் கிடைப்பவை 4 இஞ்ச் மெஷினுக்கென்றே வருபவை; கார்டுக்குள் உரசாமல் சுற்றினால் தாராளமாகப் போடலாம். தினமும் பெரிய குழாய் அறுப்பவர்கள் 14 இஞ்ச் கட் ஆஃப் மெஷின் வாங்கிவிடுவது நல்லது.

கேட்காவிட்டாலும் ஒன்று: மரம் அறுக்கும் பல் பிளேடையும் இதில் மாட்டாதீர்கள். பல் மரத்தில் கடித்த நொடியில் மெஷின் கையை விட்டுத் துள்ளும்.

கே: அறுத்துக்கொண்டிருக்கும்போதே வீல் சிக்கி, மெஷின் பின்னால் எகிறுகிறது. கையில் பிடி போதவில்லையா?
– வாசகர், இராஜபாளையம்

ப: பிடியும் வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டாமல் ஒற்றைக் கையில் ஓட்டுபவர்கள்தான் அதிகம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதை. இரண்டு செங்கல் மேல் குழாயை வைத்து நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்க நடுப்பகுதி கீழே தொய்யும், வெட்டு மேலே மூடிக்கொண்டு வீலைக் கவ்வும். எகிறுவது அதனால்தான். வேலைக்கு வேண்டிய பக்கத்தை வைஸில் கடிக்க வைத்து, வெட்டிப் போகும் பக்கத்தைத் தொங்கவிடுங்கள். அப்போது வெட்டு தானாக விரியும். நீளமான கம்பியென்றால் அந்தப் பக்கத்துக்கும் லேசாக முட்டுக் கொடுங்கள். மேலே தூக்கிவிடுகிற அளவுக்கு வேண்டாம்.

நகர்த்தும் திசையும் முக்கியம். பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமே மெஷினைத் தள்ளிக்கொண்டு போங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் வீல் இரும்பின் மேல் ஏறி ஓடப் பார்க்கும். வெட்டுக்குள் வீலைச் சாய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது. பாதி வெட்டில் நிறுத்திவிட்டுத் தொடர்வதானால், வீலை வெளியே எடுத்து, முழு வேகம் வந்த பிறகே மறுபடி இறக்குங்கள். வீல் சுற்றும் கோட்டுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

கே: வீலை மாற்ற நட் கழலவே மாட்டேன் என்கிறது. உளி வைத்துத் தட்டலாமா?
– வாசகர், திருச்சி

ப: வேண்டாம். அச்சைச் சுற்றவிடாமல் பிடிக்கும் லாக் பட்டனை அமுக்கிக்கொண்டு தட்டினால் உள்ளே இருக்கும் பின் உடையும், சில சமயம் கியர் கவரே விரிசல் விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய வீலைக் கட்டிங் பிளேயரால் நட் ஓரம் வரை ஒடித்து ஒடித்து எடுத்துவிடுங்கள். இறுக்கம் விட்டதும் இரண்டு முள் ஸ்பேனரிலேயே கழலும். புதிது மாட்டும்போது வீலுக்குப் பின்னால் உட்காரும் உள் பிளாஞ்சிலும் நட்டிலும் ஒட்டியிருக்கும் தூளைத் துடையுங்கள். 6 மி.மீ. கிரைண்டிங் வீலுக்கு நட்டின் மேடான பக்கம் வீலைப் பார்க்க வேண்டும். மெல்லிய கட்டிங் வீலுக்குத் தட்டையான பக்கம். இதை மாற்றிப் போட்டால் மெல்லிய வீல் இறுகாமல் வழுக்கும். அளவாக இறுக்குங்கள், ஓடும்போது அது இன்னும் இறுகும். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிறகு ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். வீல் சுற்றும்போது லாக் பட்டனில் விரல் படவே கூடாது.

கே: மெஷினுக்குள் பொறி தெரிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது.
– வாசகர், ஓசூர்

ப: முதலில் கார்பனை, அதாவது மோட்டாரில் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு சின்னக் கட்டைகளைப் பாருங்கள். 5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பலனில்லை. புதுக் கார்பன் கூட்டுக்குள் தாராளமாகச் சறுக்க வேண்டும். போட்ட பிறகு ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டினால் பதியும். கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி வருவது சகஜம். கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மேச்சரைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுத் துளை வழியே உள்ளே போகும் இரும்புத்தூள். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதிவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இழுவையைக் குறைக்கும். 25 மீட்டர் என்றால் 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள்.

கே: கட்டிங் வீலுக்குக் காலாவதித் தேதி உண்டா? தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

ப: உண்டு. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. வீலின் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் நாளாக நாளாக, ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம், வலுவிழக்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும் என்பது மேசை கிரைண்டரின் கல்லுக்கான சோதனை. பிசின் வீல் நன்றாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கீழே விழுந்த வீலை ஒலி பார்த்துச் சேர்த்துக்கொள்ளாமல் இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார்.