எரிக் சாலமன்: கேள்வி பதில்

கேள்வி: சார், மாநாடுகளில் உலகத் தலைவர்களைப் படம்பிடித்த ஜெர்மன் போட்டோகிராஃபர் எரிக் சாலமன் முறையாகத் தொழில் கற்றவரா?

பதில்: இல்லை. 1886இல் பெர்லினில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் உலகப் போரையும் பணவீக்கத்தையும் தாண்டி வந்தபோது குடும்பச் சொத்து கரைந்திருந்தது. உல்ஸ்டைன் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் கேமராவில் இறங்கினார். அப்போது வயது நாற்பதுக்கு மேல்!

கேள்வி: தொப்பிக்குள் கேமராவை ஒளித்து எடுத்தாராமே?

பதில்: ஆமாம், 1928இல் ஒரு கொலை வழக்கு விசாரணையின்போது. ஆனால் எல்லாரும் இதையே சொல்வதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். மாநாடுகளில் அவர் பெரும்பாலும் ஒளியவே இல்லை. டெயில் கோட் போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு அவரவர் மொழியில் பேசிக்கொண்டு, தூதர்களில் ஒருவராகவே உள்ளே போய்விடுவார். அதே ஆண்டு, போரைக் கைவிடுவதாக நாடுகள் உறுதியளித்த கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, காலியாகக் கிடந்த போலந்துப் பிரதிநிதியின் நாற்காலியில் உட்கார்ந்தே படம் எடுத்தார். 1931இல் பிரான்ஸ் அமைச்சர் பிரியான் அவரைக் கண்டுபிடித்து விரல் நீட்டிச் சிரிக்கிறார். அதையும் விடாமல் எடுத்துவிட்டார்.

கேள்வி: ஃப்ளாஷ் இல்லாமல் எப்படி முடிந்தது?

பதில்: எர்மனாக்ஸ் கேமராதான் காரணம். நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2 லென்ஸ், பிறகு இன்னும் கூடுதலாக விடும் எஃப் 1.8. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஃபிலிம் சுருள் கிடையாது; கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அறை வெளிச்சத்தில் கால் நொடி, அரை நொடிகூட ஷட்டர் திறந்திருக்கும். எதிரில் இருப்பவர் கையை ஆட்டினால் படம் கலங்கிவிடும். ஆகவே, எதிரில் இருப்பவர் அசையாத நேரத்துக்குச் சாலமன் காத்திருந்தாக வேண்டும்: யோசிக்கும்போது, அடுத்தவர் பேச்சைக் கேட்கும்போது, தூக்கம் சொக்கும்போது. சாலமன் எடுத்த தலைவர்கள் இவ்வளவு மனிதர்களாகத் தெரிவதில் அவருடைய தைரியத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கேமராவின் மந்தத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன். 1930 ஹேக் மாநாட்டில், நள்ளிரவு தாண்டி அமைச்சர்கள் நாற்காலியில் சரிந்து கிடக்கும் படத்தைத் தேடிப் பாருங்கள், புரியும்.

கேள்வி: இவ்வளவு செல்வாக்கு இருந்தும் தப்பிக்க முடியவில்லையா, ஐயா?

பதில்: ஹிட்லர் வந்ததும் மனைவியின் நாடான நெதர்லாந்துக்குப் போனார். 1940இல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. தலைமறைவாக இருந்த அவரும் மனைவியும் இளைய மகனும் பிடிபட்டார்கள். 1944இல் மூவரும் ஆஷ்விட்ஸ் நாஜி மரண முகாமில் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் படங்கள்?

பதில்: இங்கிலாந்தில் இருந்த மூத்த மகன் பிழைத்தார். போருக்குப் பின் கிடைத்ததையெல்லாம் சேகரித்துப் பாதுகாத்தவர் அவர்தான். இப்போது அந்தத் தொகுப்பு பெர்லினிஷ கேலரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.