அவதூறுக்கு எப்போது வாய் திறப்பது? வேட்பாளர்களின் கேள்விகள்

எதிர்த்தரப்பு தினமும் மேடையில் என்னைத் திட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். அது எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இருநூறு பேர் கேட்ட வசவுக்கு நீங்கள் பேட்டி கொடுத்தால், அதைத் தொகுதி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீங்கள்தான். வீடு வீடாகப் போகும் பூத் ஆட்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்கள் எடுக்காமலே யாராவது இந்தப் பேச்சை எடுக்கிறார்களா?" நான்கைந்து பூத்தில் எடுக்கிறார்கள் என்றால் அன்று மாலைக்குள் பதில் போயாக வேண்டும். அப்போது ஆறப்போடுவதும் ஆபத்து. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் கெரியின் வியட்நாம் போர்ச் சேவையையே சந்தேகித்து முன்னாள் படைவீரர்கள் சிலர் ஆகஸ்டில் விளம்பரம் போட்டார்கள். கெரி தானே முன்வந்து பதிலடி கொடுக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் பேச்சு பரவிவிட்டது.

பதிலில் குற்றச்சாட்டையே திரும்பச் சொல்லாதீர்கள். 'மணல் கடத்தினேன் என்பது பொய்' என்று போஸ்டர் அடித்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 'மணல் கடத்தினேன்' பெரிய எழுத்தில், 'என்பது பொய்' அடுத்த வரியில் சின்னதாக. பஸ்ஸில் போகிறவன் எதைப் படிப்பான்?

எங்கள் வேட்பாளருக்கு உடம்பு சரியில்லை, பிரசாரத்துக்கே வரமாட்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மறுப்பு அறிக்கை போதுமா?

போதாது. ஆளைக் காட்டுங்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் போட்டியிட்டார். அவரைப் பற்றி ஊரெல்லாம் வதந்தி. மருத்துவமனையில் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கும் வீடியோவைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். இந்திரா காந்தி கொலைக்குப் பிந்தைய அனுதாப அலையும் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிக்குக் கைகொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வீடியோ செய்ததை ஆயிரம் அறிக்கை செய்திருக்காது. உங்கள் ஆள் நாளைக் காலை உழவர் சந்தையில் நின்று பேசினால் வேலை முடிந்தது.

என்மேல் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் உள்ளது. எதிராளி எடுப்பார். என்ன செய்ய?

அவருக்கு முன்னால் நீங்களே எடுங்கள். எப்படியும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நாளிதழிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரமும் கொடுக்க வேண்டும். அது என்ன வழக்கு, எதற்காகப் போட்டார்கள் என்று முதல் கூட்டத்திலேயே இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். சாலை மறியல் வழக்கு என்றால் சொல்லக் கூச்சமே வேண்டாம்.

பெண் வேட்பாளர் நான். என் நடத்தையைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

கணவரை மேடையேற்றி உங்களுக்கு நற்சான்று கொடுக்க வைக்காதீர்கள். கெஞ்சுவது போல் ஆகிவிடும். பேச்சைப் பதிவு செய்து, நாள், இடம், நேரம் குறித்து, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்பது நடத்தை விதி. பொய் என்று தெரிந்தே வேட்பாளரின் நடத்தையைப் பழிப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-ன்படி முறைகேடு. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான், வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் வழக்கை நம்பிப் பிரசாரத்தை விடாதீர்கள். மேடையில் ஒரே வரி: "புகார் கொடுத்தாச்சு. இப்போ தண்ணிப் பிரச்சினைக்கு வருவோம்."

வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு மொட்டை நோட்டீஸ் வீசினால்?

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. இல்லையென்றால் அதுவே குற்றம். ஒரு பிரதியை நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள். கடைசி 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது, ஆனால் வீடு வீடாகப் போகத் தடையில்லை. எனவே எந்தத் தெருவில் விழுந்ததோ அந்தத் தெருவுக்கு மட்டும், அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் போங்கள். மற்ற தெருவுக்கு நீங்களே சேதி சொல்ல வேண்டாம்.

நாங்களும் திருப்பி அடிக்கலாமா?

கையில் காகிதம் இருந்தால் அடியுங்கள். டீக்கடையில் கேட்டதை வைத்து அடிக்காதீர்கள்.